152 ஆட்டம் தோற்காமல் இருப்பது என்றால் என்ன? பாவ்லா லொங்கோரியாவை வைத்து ராக்கெட்பால் புரிந்துகொள்வோம்

போன மாதம் அக்கா மகன் கைப்பேசியை நீட்டி ஒரு காணொளியைக் காட்டினான். "மாமா, இந்த மெக்சிகோக்காரங்க வரிசையா 152 மேட்ச் ஜெயிச்சிருக்காங்களாம். ஸ்குவாஷ்ல உலகச் சாம்பியனாம்" என்றான். அந்த ஒரு பேச்சில் மூன்று தகவல் இருந்தது. 152 சரி. ஸ்குவாஷ் தப்பு. உலகச் சாம்பியன் என்பது சரிதான், ஆனால் அவன் நினைத்த அர்த்தத்தில் இல்லை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார். "யாரும் ஆடாத விளையாட்டு. அதுல ஜெயிக்கிறது ஒரு பெரிய விஷயமா?"

அந்த வீராங்கனையின் பெயர் பாவ்லா லொங்கோரியா. 1989 ஜூலை 20-இல் மெக்சிகோவின் சான் லூயிஸ் பொத்தோசி நகரில் பிறந்தவர். ஆடுவது ராக்கெட்பால். அவரைப் பற்றி இணையத்தில் வரும் துணுக்குகள் பெரும்பாலும் பதக்கக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. எத்தனை தங்கம், எத்தனை பட்டம், அவ்வளவுதான். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் அப்பாவும் மகனும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவருடைய விளையாட்டு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முதலில் அவர் ஆடும் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும்.

சுவரும் பந்தும்

வீட்டு மதில் சுவரில் ரப்பர் பந்தை அடித்து, திரும்பி வருவதை மறுபடி அடித்து விளையாடாத பிள்ளைகள் குறைவு. "கண்ணாடி உடையும்டா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும் வரை ஆட்டம் நடக்கும். ராக்கெட்பாலின் அடிப்படை அதுவேதான். சுவர் ஒன்றுக்குப் பதிலாக நான்கு, மேலே கூரையும் உண்டு. எல்லாமே ஆட்டத்தில் சேர்த்தி.

ஆடுகளம் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம் உள்ள மூடிய அறை. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில், ஒரே சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். நடுவில் வலை கிடையாது. ஒருவர் அடித்த பந்து முன்சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அது தரையில் இரண்டாம் முறை குதிப்பதற்குள் மற்றவர் எடுத்து மறுபடி முன்சுவருக்கு அனுப்ப வேண்டும். போகும் வழியில் பக்கச் சுவர், பின்சுவர், கூரை என்று எதில் பட்டாலும் பரவாயில்லை. முன்சுவரைத் தொடுவதற்கு முன் தரையை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் அது 'ஸ்கிப்', புள்ளியோ சர்வீஸோ பறிபோகும்.

கேரம் ஆடியவர்களுக்கு இதன் ருசி உடனே பிடிபடும். காய் நேராகக் குழிக்குப் போகாதபோது, ஸ்ட்ரைக்கரைப் பக்கக் கட்டையில் மோதவிட்டுத் திருப்புகிறோம் அல்லவா? அந்தக் கோணக் கணக்கைப் படுக்கவைத்த பலகையில் போடாமல், நிற்கும் அறையில், ஓடிக்கொண்டே, அரை வினாடிக்குள் போட வேண்டும். ராக்கெட்பால் அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று எழுதுவது சுலபம்.

பந்து நன்றாகக் குதிக்கும் ரப்பர் பந்து. விட்டம் 57 மில்லிமீட்டர், எடை 40 கிராம். 100 அங்குல உயரத்திலிருந்து விட்டால் 70 அங்குலம் வரை எழும்பும். மட்டையின் நீளம் 22 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மட்டையின் கைப்பிடியில் ஒரு கயிறு இருக்கும், அதை மணிக்கட்டில் மாட்டியே ஆக வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். மூடிய அறைக்குள் முன்னணி ஆட்டக்காரர்கள் அடிக்கும் பந்து மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும்போது இந்த இரண்டு விதிகளுக்கும் விளக்கம் தேவைப்படாது.

அப்படியானால் ஸ்குவாஷுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஸ்குவாஷ் பழைய ஆங்கிலேய விளையாட்டு. ராக்கெட்பாலோ அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் ஊரில் 1950-ஐ ஒட்டிப் பிறந்தது. ஜோ சோபெக் என்பவர், கையால் சுவரில் பந்தடிக்கும் 'ஹேண்ட்பால்' களத்துக்குள் குட்டையான நரம்பு மட்டையைக் கொண்டுபோனார். அதனால்தான் களத்தின் அளவு இன்றும் ஹேண்ட்பாலின் 40-க்கு 20.

ஆனால் பிறந்த ஊர் பெரிய வித்தியாசம் இல்லை. முன்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஸ்குவாஷில் முன்சுவரின் கீழே ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு தகரம் இருக்கும். பந்து அதில் பட்டால் அவுட். அதாவது எவ்வளவு தாழ்வாக அடித்தாலும் ஒன்றரை அடிக்குக் கீழே போக முடியாது. எதிராளிக்கு ஓடிவந்து எடுக்க எப்போதும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பந்தும் சோம்பேறிப் பந்து, அதிகம் குதிக்காது. ஆகவே ஸ்குவாஷ் நீண்டு போகிறது. ஒரு புள்ளிக்கு முப்பது நாற்பது அடிகள்கூட ஓடும். மூச்சும் பொறுமையும் தீர்மானிக்கும் ஆட்டம் அது.

ராக்கெட்பாலில் அந்தத் தகரம் இல்லை. சுவர் தரை வரைக்கும் செல்லுபடியாகும். தரையிலிருந்து இரண்டு விரல்கடை உயரத்தில் பந்தை அடித்துவிட்டால் அது எழும்பவே நேரமிருக்காது. எதிராளி வருவதற்குள் இரண்டு குதி குதித்துச் செத்துவிடும். இதற்குப் பெயர் 'கில் ஷாட்'. இன்னும் தாழ்வாக, சுவரும் தரையும் சேரும் மூலையிலேயே பந்து போய் இடித்தால் குதிக்காமல் அப்படியே தரையில் உருண்டு வரும். அது 'ரோல்-அவுட்'. உலகில் யாராலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

ஆசை காட்டும் இடமும் இதுதான், ஆளைக் கவிழ்க்கும் இடமும் இதுதான். இரண்டு விரல்கடை உயரத்தைக் குறிவைத்து அடிக்கும்போது கொஞ்சம் பிசகினால் பந்து முதலில் தரையைத் தொட்டுவிடும். ஸ்கிப். அடி மேலே ஏறிவிட்டாலோ பந்து துள்ளிக்கொண்டு எதிராளியின் கைக்கே போகும், அவர் நிதானமாகக் கொல்லுவார். புதிதாக ஆடுபவர்கள் எல்லாப் பந்தையும் கில் ஷாட்டாக அடிக்கப் பார்த்துத் தோற்பார்கள். எந்தப் பந்தைக் கொல்வது, எதை விட்டுப்பிடிப்பது என்பதுதான் இந்த விளையாட்டின் முக்கால்வாசி அறிவு.

விட்டுப்பிடிக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, எதிராளியின் பக்கவாட்டில் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் பந்தைப் பின்பக்கம் கடத்திவிடுவது. இன்னொன்று, பந்தைக் கூரையில் அடிப்பது. கூரை, முன்சுவர், தரை என்று பட்டு உயரமாக எழும்பி, பின்மூலையில் போய் விழும். எதிராளி முன்னால் நின்றுகொண்டிருந்தால் பின்னாலேயே ஓட வேண்டும். அதற்குள் அடித்தவர் நடு இடத்துக்கு வந்து நின்றுவிடுவார்.

குழப்பத்தைக் கூட்ட இன்னொன்றும் இருக்கிறது. பிரிட்டனில் ஸ்குவாஷ் களத்தில், பெரிய பந்தை வைத்து ஆடும் வேறொரு ஆட்டத்துக்கும் ராக்கெட்பால் என்றே பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் எழுத்து மாறும், தமிழில் எழுதினால் அதுவும் மாறாது. 2016-இல் அதன் பெயரை 'ஸ்குவாஷ் 57' என்று மாற்றிவிட்டார்கள். 57 என்பது பந்தின் விட்டம். லொங்கோரியா ஆடுவது அது இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நான்கு சுவரும் கூரையும் உள்ள அறை, தரை வரைக்கும் செல்லுபடியாகும் முன்சுவர், வேகமாகத் துள்ளும் பந்து. ஒரே அடியில் முடித்துவிடலாம் என்பதால் ஒரே அடியில் தொலைத்துவிடவும் முடியும்.

புள்ளி யாருக்குப் போகும்?

தொடர் வெற்றியின் ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது. கணக்கு என்றதும் தாண்டிப் போய்விடாதீர்கள், இரண்டாம் வகுப்புக் கணக்குதான்.

2006 வரை பேட்மிண்டனில் ஒரு விதி இருந்தது, நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு நினைவிருக்கும். சர்வீஸ் போடுபவருக்குத்தான் புள்ளி. சர்வீஸ் இல்லாதவர் ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும், புள்ளி ஏறாது. தெரு விளக்கு வெளிச்சத்தில் ஆடும்போது ஸ்கோர் நகராமல் அரை மணி நேரம் 'சர்வீஸ் ஓவர்' என்றே கத்திக்கொண்டிருப்போம். ராக்கெட்பாலின் மரபான முறை அதேதான். அங்கே இதை 'சைடு-அவுட்' என்பார்கள். முதல் இரண்டு கேம் 15 புள்ளிக்கு, ஆளுக்கொன்று என்று முடிந்தால் மூன்றாவது 11-க்கு.

சர்வீஸ் தொடங்கிப் பந்து சாகும் வரை நடக்கும் அடிதடி ஒரு 'ரேலி'. இரண்டு பேர் ஆடுகிறார்கள், ஒருவர் நூறு ரேலியில் 60 ஜெயிக்கிறார், மற்றவர் 40 என்று வைத்துக்கொள்வோம். ரேலியை ஜெயித்தவரே அடுத்த சர்வீஸைப் போடுவதால், முதலாமவர் கையில் சர்வீஸ் இருப்பதும் நூற்றுக்கு 60 தடவைதான். புள்ளி வர வேண்டுமென்றால் சர்வீஸும் இருக்க வேண்டும், ரேலியையும் ஜெயிக்க வேண்டும். 60-இல் 60 சதவீதம் என்றால் 36. மற்றவருக்கு 40-இல் 40 சதவீதம், அதாவது 16. மீதி 48 ரேலிகளில் வியர்வைதான் மிச்சம், யாருக்கும் புள்ளி இல்லை.

60-க்கு 40 என்ற வித்தியாசம் 36-க்கு 16 ஆகிவிட்டது. ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி தருகிற முறையில் இதே இருவரும் ஆடினால் 15–10 என்று முடியும். சைடு-அவுட்டில் அது 15–7 ஆகிறது. கொஞ்சம் நன்றாக ஆடுபவரை இந்த முறை ரொம்ப நன்றாக ஆடுபவராகக் காட்டும். தற்செயலாக வந்த இரண்டு நல்ல அடிகளை வைத்துக்கொண்டு பலம் குறைந்தவர் கரையேற முடியாது. ஒன்று சர்வீஸை வாங்கவே செலவாகிவிடும்.

இதில் சர்வீஸின் பலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் போடுபவர் களத்தின் நடுவில், முன்சுவரிலிருந்து 15 அடிக்கும் 20 அடிக்கும் இடைப்பட்ட ஒரு பட்டையில் நிற்கிறார். அந்த 20 அடிக் கோட்டுக்கு 'ஷார்ட் லைன்' என்று பெயர். பந்து நேராக முன்சுவரில் பட்டு, அந்தக் கோட்டைத் தாண்டித்தான் தரையில் விழ வேண்டும். நல்ல சர்வீஸ் எப்படி இருக்கும்? முழங்கால் உயரத்தில் முன்சுவரைத் தட்டி, கோட்டைத் தாண்டியதும் தாழ்வாகத் தரையைத் தொட்டு, பக்கச் சுவரை உரசாமல் உரசிக்கொண்டு பின்மூலைக்கு ஓடும். எதிராளிக்குக் கிடைப்பது அரை வினாடி. அதற்குள் இரண்டு எட்டு வைத்து, சுவருக்கும் பந்துக்கும் நடுவில் மட்டையை நுழைக்க வேண்டும். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். ஆனால் எடுத்த பந்து வலுவில்லாமல் மிதந்து வரும். நடுக் களத்தில் ஆள் காத்திருப்பார்.

அண்மை ஆண்டுகளில் சர்வதேசக் கூட்டமைப்பின் போட்டிகள் ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி தரும் முறைக்கு, ஐந்து கேம், ஒவ்வொன்றும் 11 என்று மாறியிருக்கின்றன. தொலைக்காட்சிக்கு அது வசதி. மேலே உள்ள கணக்குப்படி பார்த்தால், பலசாலியின் மெத்தையில் கொஞ்சம் பஞ்சைப் பிடுங்கியதும் அதுதான்.

முதலிடம் வேறு, உலகச் சாம்பியன் வேறு

இப்போது மருமகன் சொன்னதில் பாதி சரியான 'உலகச் சாம்பியன்' என்பதற்கு வருவோம்.

சதுரங்கத்தை வைத்துச் சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அதே நாளில் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் கார்ல்சன். இரண்டும் உண்மை, ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று ஒரு குறிப்பிட்ட போட்டியை ஜெயித்ததற்கான பட்டம். மற்றது நெடுநாள் ஆட்டத்தின் கூட்டுக் கணக்கு.

லொங்கோரியா ஏறியதும் ஒரே ஏணி அல்ல, தனித்தனியான ஏணிகள்.

முதல் ஏணி, தொழில்முறைச் சுற்று. பெண்களுக்கான சுற்றின் பெயர் ஆங்கிலச் சுருக்கத்தில் எல்.பி.ஆர்.டி. இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த கோடையை ஒட்டி முடியும் ஒரு சீசனில் ஊர் ஊராகத் தொடர்கள் நடக்கும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு தூரம் போகிறீர்களோ அதற்கேற்ற புள்ளி. சீசன் முடிவில் யாரிடம் அதிகமோ அவர் அந்த ஆண்டின் முதலிடம். இங்கே நாட்டுக்காக ஆடுவது இல்லை, வாடகைக்கு வீடு பிடிப்பது மாதிரி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய இடம் அது.

லொங்கோரியா 2008–09 சீசனை முதலிடத்தில் முடித்தபோது அவருக்கு வயது 19. அடுத்த சீசனும் அவரே. 2010–11-இல் இடம் பறிபோனது. பறித்தவர் அமெரிக்காவின் ரோண்டா ரேசிக், இவரைவிடப் பத்து வயது மூத்தவர், ஏற்கெனவே பலமுறை முதலிடத்தில் இருந்தவர். இந்த ஒரு சீசன் சறுக்கலைப் பதக்கப் பட்டியல்கள் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் நடுப்புள்ளியே அதுதான். 21 வயதில் உச்சியில் இருந்தவர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டார். அந்தச் சீசன் முடியும் தறுவாயில், 2011 மே மாதத்தில் தொடங்கியதுதான் 152 ஆட்ட ஓட்டம். அடுத்த சீசனில் முதலிடம் திரும்ப வந்தது. வந்தது ஏறக்குறைய பத்தாண்டு அவரைவிட்டுப் போகவில்லை. சுற்றில் வென்ற பட்டங்கள் நூறைத் தாண்டின.

இரண்டாவது ஏணி, உலகச் சாம்பியன்ஷிப். 1981-இல் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் முதன்முதலாக நடந்தது. இங்கே நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். ஒற்றையரில் லொங்கோரியா 2012-இல் டொமினிக்கன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவிலும், 2014-இல் கனடாவின் பர்லிங்டனிலும், 2016-இல் கொலம்பியாவின் காலியிலும் வரிசையாக வென்றார். 2018-இல் கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசேயில் இறுதியாட்டம் வரை வந்து, குவாத்தமாலாவின் ஆனா காப்ரியேலா மார்ட்டினேஸிடம் தோற்றார். கவனியுங்கள்: அந்தத் தோல்விக்குப் பிறகும் சுற்றில் முதலிடம் அவருடையதாகவே இருந்தது. குகேஷ்–கார்ல்சன் கதைதான்.

மூன்றாவது ஏணி, பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டி. நமக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி எப்படியோ அமெரிக்கக் கண்டங்களுக்கு இது அப்படி, நாலாண்டுக்கு ஒருமுறை. ராக்கெட்பால் இதில் 1995-இல் சேர்ந்தது. 2007-இல் ரியோவில் பட்டியலிலேயே இல்லை. 2011-இல் மெக்சிகோவின் சொந்த மண்ணான குவாதலஹாராவில் திரும்பி வந்தது. வந்ததும் லொங்கோரியா மூன்று தங்கம் எடுத்தார்: ஒற்றையர், இரட்டையர், அணி. 2015-இல் டொரொன்டோவில் அதே மூன்றையும் மறுபடி எடுத்தார். 2019-இல் லிமாவிலும் ஒற்றையர் தங்கம் அவருக்கே. இரட்டையரில் அவருடன் நின்றவர் சமந்தா சாலஸ். பெயரைப் பார்த்து நம்மூர் என்று நினைக்க வேண்டாம், அவரும் மெக்சிகோக்காரர்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரம் இரட்டையரில் தோளோடு தோள் நிற்கும் சாலஸ், அடுத்த வாரம் சுற்றில் எதிரே நிற்பார்.

எந்த ஏணியில் தேடினாலும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காது. ராக்கெட்பால் ஒலிம்பிக்கில் இல்லை. ஸ்குவாஷ் 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் நுழைகிறது, இது நுழையவில்லை. இணையத்தில் அவரை 'ஒலிம்பிக் நாயகி' என்று யாராவது எழுதியிருந்தால் அதைப் படிப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஆக, 'முதலிடம்' என்றால் ஆண்டு முழுக்க ஆடிய கணக்கு, 'உலகச் சாம்பியன்' என்றால் நாட்டுக்காக ஒரு தொடரில் வென்றது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் இருந்தன என்பதுதான் இவர் கதையின் விசேஷம்.

152 என்பது எவ்வளவு பெரிய எண்?

2011 மே மாதத்திலிருந்து 2014 வரை, மூன்று ஆண்டுக்கு மேல், 152 ஆட்டம் தொடர்ந்து வெற்றி. நல்ல எண்தான், ஆனால் எவ்வளவு நல்ல எண்?

ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழ பாதி வாய்ப்பு. இரண்டு முறை தொடர்ந்து தலை விழ கால் வாய்ப்பு. ஒவ்வொரு தடவையும் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஆட்டமும் அப்படித்தான். ஒருவர் மிக நல்ல ஆட்டக்காரர், நூறு ஆட்டத்தில் 95 ஜெயிப்பவர் என்று வையுங்கள். தொடர்ந்து 152 ஜெயிக்க அவருக்கு உள்ள வாய்ப்பு சுமார் 2,400-இல் ஒன்று. நடக்காத காரியம். நூறில் 98 ஜெயிப்பவருக்கு ஏறக்குறைய இருபதில் ஒன்று. நூறில் 99 ஜெயிப்பவருக்குக்கூட ஐந்தில் ஒன்றுதான்.

அதாவது, இந்த ஓட்டம் வெறும் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வழியில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் அவர் களத்தில் இறங்கிய ஒவ்வொரு முறையும் ஜெயிப்பது கிட்டத்தட்ட உறுதி என்ற நிலை இருந்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்த நாள், விமானம் தாமதமாகித் தூங்காமல் வந்த நாள், பந்து சொன்ன பேச்சைக் கேட்காத நாள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். முதலிடத்தில் இருப்பவருக்கு முதல் சுற்றில் பலவீனமான எதிராளிதானே கிடைப்பார்? ஆமாம். தொடரின் ஆட்ட அட்டவணையைத் தரவரிசைப்படி போடுவார்கள். பலசாலிகள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி தள்ளித் தள்ளி வைப்பதற்கு 'சீடிங்' என்று பெயர். அதனால் முதல் ஒன்றிரண்டு ஆட்டம் ஓரளவு எளிதுதான். ஆனால் ஒரு பட்டத்துக்கு நாலைந்து ஆட்டம் என்று வைத்தால் 152 ஆட்டம் என்பது முப்பதுக்கும் மேற்பட்ட தொடர்கள். அத்தனையிலும் அரையிறுதியும் இறுதியும் உண்டு. அங்கே நிற்பவர்கள் ரேசிக்கும் சாலஸும், அர்ஜென்டினாவுக்கு ஆடும் மரியா ஹோசே வர்காஸும். எளிதான ஆட்டங்களைக் கழித்துவிட்டாலும் அறுபதுக்கு மேல் கடினமான ஆட்டம் மிஞ்சும்.

மேலே பார்த்த சைடு-அவுட் கணக்கு இங்கே வந்து பொருந்துகிறது. ரேலியில் கொஞ்சம் மேலே இருந்தால் கேமில் நிறைய மேலே. கேமில் நிறைய மேலே என்றால் ஆட்டத்தில் அசைக்க முடியாத இடம். விளையாட்டின் விதி அவருக்குச் சாதகம் செய்ததா? செய்தது, ஆனால் எல்லோருக்கும் அதே விதிதான் இருந்தது.

'யாரும் ஆடாத விளையாட்டு'

அக்கா வீட்டுக்காரரின் கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ராக்கெட்பால் சின்ன விளையாட்டுதான். 1970-களில் அமெரிக்காவில் பெரிய அலையாக அடித்தது, உடற்பயிற்சிக் கூடந்தோறும் களம் கட்டினார்கள். பிறகு அலை வடிந்தது. இன்று அதன் பலம் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில்தான். டென்னிஸோடு ஒப்பிட்டால் பரிசுப் பணம் கைச்செலவுக்குக் காணாது.

ஆனால் 'யாரும்' என்ற சொல்லில் மெக்சிகோவைச் சேர்க்க முடியாது. சுவரில் பந்தடிப்பது அங்கே பழைய பழக்கம். ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் பகுதியிலிருந்து வந்த சுவராட்டத்துக்காக மெக்சிகோ சிட்டியில் 1929-இலேயே 'ஃப்ரொண்டோன் மெக்சிகோ' என்ற பெரிய அரங்கைத் திறந்தார்கள். சுவரில் டென்னிஸ் மட்டையால் அடிக்கும் ஃப்ரொண்டெனிஸ் என்ற ஆட்டம் மெக்சிகோவிலேயே பிறந்தது. அப்படிப்பட்ட ஊரில் ராக்கெட்பால் வேரூன்றியதில் ஆச்சரியம் இல்லை. சான் லூயிஸ் பொத்தோசி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, பந்து இன்னும் வேகமாகப் பறக்கும். அந்த நகரில் லொங்கோரியாவின் பெயரிலேயே ஒரு தொழில்முறைத் தொடரும் நடந்திருக்கிறது.

சின்ன விளையாட்டில் இன்னொரு சிரமமும் இருக்கிறது. சுற்றில் முன்னணியில் இருப்பவர்கள் ஒரு கையளவு பேர். அவர்களோடுதான் மாதத்துக்கு மாதம் மோத வேண்டும். உங்கள் சர்வீஸ் எந்த மூலைக்குப் போகும், நெருக்கடியில் எந்த அடியை நம்புவீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பெரிய கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், தெரிந்த நாலு பேர் மத்தியில் பத்தாண்டு ஏமாற்ற முடியாது.

2024-இல் அவர் மெக்சிகோ நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினர் ஆனார். அது வேறு ஆட்டம், இந்தக் கட்டுரைக்குள் வராது.

காணொளியைப் பார்க்கும்போது

மருமகனுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அவருடைய பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டு, முதல் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், கண் பந்தின் பின்னாலேயே ஓடும். பிடித்து நிறுத்தி, லொங்கோரியாவின் கால்களை மட்டும் பாருங்கள். அடித்து முடித்ததும் ஷார்ட் லைனுக்குச் சில அடி பின்னால் உள்ள நடு இடத்துக்கு அவை திரும்பி வந்துவிடும். அங்கே நின்றால் நாலு மூலையும் ஏறக்குறைய ஒரே தூரம். எதிராளியைப் பாருங்கள்: இடது பின்மூலை, வலது முன்மூலை, மறுபடி இடது பின்மூலை. ஒருவர் நடக்கிறார், மற்றவர் ஓடுகிறார்.

இடையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ரேலியை மறுபடி ஆடச் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒரே அறைக்குள் இரண்டு பேர் என்பதால் ஒருவர் அடிக்கும் வழியில் மற்றவர் நிற்க நேரும். அது 'ஹிண்டர்'. தெரியாமல் மறித்தால் ரேலி திரும்ப, தவிர்த்திருக்கலாம் என்று நடுவர் நினைத்தால் மறித்தவருக்கு ரேலி நஷ்டம். நடு இடத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்வதால் வரும் தகராறு இது.

மருமகன் ஐந்து நிமிடம் பார்த்தான். "மாமா, அவங்க வேர்க்கவே இல்லையே" என்றான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவன் அப்பாவும் எட்டிப் பார்த்தார்.

"எதிர்ல நிக்கிற புள்ளைக்குத்தான் வேர்க்குது" என்றார்.